உங்க டூல் பாக்ஸுக்குள்ள ஒரு சேம்பர்லைன் இருக்கார்! - ஸ்க்ரூ வித்து சாம்ராஜ்யம் ஆண்டவரின் கதை

கள்ளக்குறிச்சியில் எந்த ஹார்டுவேர் கடைக்கு வேண்டுமானாலும் போய், மரத்துக்கு அடிக்கிற ஸ்க்ரூ கொடுங்கண்ணே என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு மூன்று கேள்விகள் வரும். எத்தனை இஞ்ச்? எந்த நம்பர்? ஸ்டாரா, மைனஸா? யூடியூப் பார்த்து ஷெல்ஃப் செய்யக் கிளம்பிய நாம் அங்கேயே முழிப்போம். கடைசியில் ஏதோ ஒரு கறுப்பு ஸ்க்ரூ பாக்கெட்டை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வருவோம். பாதி ஸ்க்ரூ தலை உடையும், மீதி பலகையைப் பிளக்கும்.

இத்தனைக்கும் நம்ம ஊர் மரவேலைக்குப் பேர் போன ஊர். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்துப் பட்டறைகளில் ஒரே கட்டையிலிருந்து பிள்ளையாரையும் பெருமாளையும் வெளியே எடுக்கிற கைகள் இன்னமும் இருக்கின்றன. அந்தச் சிற்பத்துக்கு ஸ்க்ரூ தேவையில்லை. ஆனா, நீங்க வாடகை வீட்டு மொட்டை மாடியில் ஒரு டிரில் மெஷினை வெச்சுக்கிட்டு செய்யப்போகிற ஷூ ரேக்குக்கும் புத்தக அலமாரிக்கும் ஸ்க்ரூதான் எல்லாமே.

சரி, பாக்கெட்டிலிருந்து ஒரே ஒரு ஸ்க்ரூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நுனி ஊசி மாதிரி கூர்மையா இருக்கா? அந்தக் கூர்மைக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. பெயர் ஜோசப் சேம்பர்லைன். ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டு வந்த பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லைனைப் பள்ளிப் பாடத்தில் படிச்சிருப்பீங்க. அவரோட அப்பாதான் இவர். பிரதமர் ஆகாமலேயே மகனைவிட அதிகமாக உலகத்தை ஆட்டிப் படைத்தவர். அவருடைய முதல் தொழில் ஸ்க்ரூ விற்பது.

இவர் கதையைப் படித்து முடிக்கும்போது, கடையில் கேட்கிற அந்த மூன்று கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்கும்.

ஷூ கம்பெனிப் பையன்

1836-ம் ஆண்டு ஜூலை 8-ம் தேதி, லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் பிறந்தார் ஜோசப். அப்பாவுக்குக் காலணி தயாரிக்கிற தொழில். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் குடும்பம் யூனிடேரியன் என்ற சிறுபான்மைக் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. இங்கிலாந்து திருச்சபையை ஏற்காதவர்களுக்கு அந்தக் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டமெல்லாம் எட்டாக்கனி. படிப்பில் கெட்டிக்காரப் பையன்தான். ஆனாலும் 16 வயதில் பள்ளியை விட்டு வந்து, அப்பாவின் ஷூ வியாபாரத்தில் உட்கார்ந்தார். கல்லூரிப் படியை அவர் மிதித்ததே இல்லை.

இரண்டு வருஷத்தில் குடும்பத்துக்குள்ளேயே ஒரு வாய்ப்பு வந்தது. பர்மிங்ஹாமில் அவருடைய அத்தையைக் கட்டியவர் ஜான் சட்டன் நெட்டில்ஃபோல்ட். மர ஸ்க்ரூ செய்து விற்பவர். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஓர் அமெரிக்க இயந்திரத்தின் வேலை அவர் கண்ணில் பட்டது. அதைப் பார்த்ததிலிருந்து மாமாவுக்குத் தூக்கம் போயிற்று.

ஊசி முனை வந்த கதை

அதுவரை ஐரோப்பாவில் விற்ற மர ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் மொட்டை நுனி கொண்டவை. போல்ட்டைப் பாதியில் வெட்டினதுபோல இருக்கும். மரத்தில் முதலில் கைத்துளையிடும் கருவியால் ஓட்டை போட்டு, பிறகுதான் அதை உள்ளே செலுத்த முடியும். துளை கொஞ்சம் ஆழம் குறைந்தாலும் ஸ்க்ரூ பாதியில் நின்றுவிடும்.

அமெரிக்காவில் தாமஸ் ஸ்லோன் என்பவர் 1846-ல் வாங்கிய காப்புரிமை இதை மாற்றியது. நுனி கூம்பாகக் குறுகி, மரை அந்த நுனிவரைக்கும் ஓடும். தனக்கான வழியைத் தானே பிடித்துக்கொண்டு உள்ளே போகும். அதைவிட முக்கியம், இயந்திரமே கம்பியை வெட்டி, தலை தட்டி, மரை போட்டு, வரிசையாகத் தள்ளியது. ஒரே அளவு, ஒரே தரம், மலிவு விலை.

இந்த இயந்திரத்தின் பிரிட்டிஷ் உரிமைக்கு விலை 30,000 பவுண்டு. நெட்டில்ஃபோல்டிடம் அவ்வளவு பணம் இல்லை. மச்சானிடம் கை நீட்டினார். ஜோசப்பின் அப்பா 10,000 பவுண்டு போட்டார். போட்ட பணத்தைப் பார்த்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருத்தர் வேணுமில்லையா? 1854-ல், 18 வயதில், ஜோசப் பர்மிங்ஹாமுக்கு ரயில் ஏறினார். நெட்டில்ஃபோல்ட் அண்டு சேம்பர்லைன் கம்பெனி பிறந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, உங்க டிரில் மெஷினைப் பாருங்க. ஸ்க்ரூவுக்குக் கூர்முனை இருக்கிறது என்பதால் துளையே போடாமல் நேராக முறுக்குகிறோம். பிளைவுட்டில் பல நேரம் அது தப்பித்துவிடும். தேக்கு, வேம்பு, வாகை போன்ற நாட்டு மரத்தில் தப்பிக்காது. கூர்முனை வழியைக் கண்டுபிடிக்கும், ஆனால் இடம் உண்டாக்காது. ஸ்க்ரூவின் தண்டு அடைத்துக்கொள்ளும் இடத்திலிருந்த மரம் எங்கே போகும்? பக்கவாட்டில் தள்ளும். அதனால்தான் பலகை பிளக்கிறது.

கணக்கு சுலபம். ஸ்க்ரூவின் மரையை விட்டுவிட்டு நடுத்தண்டு எவ்வளவு தடிமனோ, அந்த அளவு பிட்டால் முன்துளை போடுங்கள். 8-ம் நம்பர் ஸ்க்ரூவுக்கு மென்மரத்தில் 2.5 மி.மீ., கடின மரத்தில் 3 மி.மீ. மேலே வரும் பலகையில் மட்டும் ஸ்க்ரூ தடையில்லாமல் போகிற அளவு 4.5 மி.மீ. துளை. அப்போதுதான் ஸ்க்ரூ கீழ்ப்பலகையைக் கவ்வி, மேல்பலகையை அதோடு இழுத்து நெருக்கும். இந்த இரண்டு துளை விஷயம் தெரியாமல்தான் பலரும் இரண்டு பலகைக்கு நடுவில் இடைவெளி வருதேன்னு புலம்புகிறார்கள்.

இன்னொரு பழக்கம். ஸ்க்ரூவைச் சுத்தியால் முக்கால்வாசி அடித்துவிட்டு, கடைசி இரண்டு சுற்று மட்டும் முறுக்குவது. அவசர வேலையில் பல இடங்களில் பார்த்திருப்பீங்க. அடிக்கும்போது மரை மர நாரைக் கிழித்துக்கொண்டே இறங்குகிறது. அப்புறம் அது ஸ்க்ரூ இல்லை, விலை கூடின ஆணி.

நம்பர் போட்ட வியாபாரம்

பர்மிங்ஹாம் கம்பெனியில் வேலை பிரிந்தது. நெட்டில்ஃபோல்டின் மகன் ஜோசப் ஹென்றி ஆலையைப் பார்த்துக்கொண்டார். நம்ம ஜோசப் கணக்கையும் விற்பனையையும் எடுத்துக்கொண்டார். எந்த ஊர் தச்சருக்கு எந்த அளவு போகிறது, எந்த நாட்டில் எப்படிப் பொட்டலம் கட்டினால் விற்கிறது, யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதெல்லாம் அவர் விரல் நுனியில். பிரிட்டனைத் தாண்டி ஐரோப்பா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று சரக்கு போனது. இந்தியாவுக்கும் வந்தது.

வேறு வேறு நாட்டுக்காரர்களுக்கு ஒரே பொருளை விற்க ஒரு பொதுமொழி வேண்டும். அதுதான் நீளமும் நம்பரும். இன்றைக்கும் கள்ளக்குறிச்சிக் கடையில் கேட்கிற முதல் இரண்டு கேள்விகள் அந்த மொழிதான்.

நம்பர் என்பது தண்டின் தடிமன். 6-ம் நம்பர் சுமார் 3.5 மி.மீ., 8-ம் நம்பர் சுமார் 4.2 மி.மீ., 10-ம் நம்பர் சுமார் 4.8 மி.மீ. நம்பர் ஏறினால் தடிமன் ஏறும். நீளத்தை இஞ்சிலோ மி.மீட்டரிலோ சொல்வார்கள். நம்ம ஆசாரிகள் நூல் கணக்கும் சொல்வார்கள். 8 நூல் ஒரு இஞ்ச். முக்கால் இஞ்ச் பலகை என்றால் 6 நூல்.

எவ்வளவு நீளம் வாங்குவது? பிடிக்கிற பலகைக்குள், அதாவது கீழ்ப்பலகைக்குள், ஸ்க்ரூவின் மூன்றில் இரண்டு பங்கு போகிற மாதிரி பார்த்துக்கொண்டால் போதும். முக்கால் இஞ்ச் பலகையை இன்னொரு பலகையின் விளிம்பில் பூட்ட 2 இஞ்ச். இரண்டு முக்கால் இஞ்ச் பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பூட்ட ஒண்ணேகால் இஞ்ச். அதற்கு மேல் நீளம் போனால் மறுபக்கம் நுனி எட்டிப்பார்த்து கையைக் கிழிக்கும்.

மூன்றாவது கேள்வி, ஸ்டாரா மைனஸா. சேம்பர்லைன் காலத்தில் மைனஸ் மட்டும்தான், அதாவது ஒற்றைக்கோடு. ஸ்டார் எனப்படும் பிலிப்ஸ் தலை 1930-களில் அமெரிக்காவில் வந்தது. மெஷினில் முறுக்க ஸ்டார்தான் சரி. பிட் நழுவாது. 8-ம் நம்பர் ஸ்க்ரூவுக்கு பி.ஹெச்.2 பிட். தேய்ந்த பிட்டை வைத்து முறுக்கித் தலையை மொட்டையாக்கிவிடாதீர்கள். வெண்கலப் பூட்டு, பழைய கதவுன்னு அழகு பார்க்கிற இடத்தில் மட்டும் மைனஸ்.

மூன்றில் இரண்டு

இருபது வருஷத்தில் இங்கிலாந்தில் தயாராகும் மொத்த ஸ்க்ரூவில் மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கம்பெனியின் ஆலைகளிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மகிழ்ச்சியான கணக்குதான், எல்லாருக்கும் அல்ல. பர்மிங்ஹாமைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகளில் ஸ்க்ரூ செய்து பிழைத்தவர்கள் ஒவ்வொருவராகக் கதவை மூடினார்கள். சிலரை இந்தக் கம்பெனியே விலைக்கு வாங்கியது. மிரட்டித்தான் வாங்கினார் என்று அரசியலுக்கு வந்த பிறகு எதிரிகள் குற்றம் சாட்டினார்கள். அவர் மறுத்தார். ஆதரவாகப் பேசிய பர்மிங்ஹாம்காரர்களும் உண்டு. ஆனால் மலிவான நல்ல ஸ்க்ரூ நம் கைக்கு வந்த அதே பாதையில்தான், கையால் செய்தவரின் பிழைப்பு போனது. இதை நம்ம ஊர் சிற்பப் பட்டறைக்காரரிடம் விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. கம்ப்யூட்டர் இயக்குகிற செதுக்கு மெஷின் வந்த நாளிலிருந்து அவருக்கு இது தெரிந்த கதை.

1874-ல் குடும்பப் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார் ஜோசப். அவர் கைக்கு வந்தது சுமார் 1,20,000 பவுண்டு. வயது 38. வாழ்நாள் முழுக்க இனி சம்பாதிக்கத் தேவையில்லை.

தண்ணீருக்கு ஒரு மேயர்

வியாபாரத்தை விடுவதற்கு முன்பே, 1873 நவம்பரில், பர்மிங்ஹாமின் மேயராகியிருந்தார். ஊர் நாறிக்கிடந்தது. குடிக்கிற தண்ணீர் தனியார் கம்பெனி கையில். கிணற்று நீரில் சாக்கடை. கேஸ் விளக்கு இரண்டு கம்பெனிகளின் கையில். ஸ்க்ரூ வியாபாரி கணக்குப் போட்டார். கேஸ் கம்பெனிகளை நகரத்துக்காக வாங்கினார். லாபம் வந்தது. அடுத்து தண்ணீர் கம்பெனியை வாங்கினார். இதில் லாபம் பார்க்கக் கூடாது, இது உயிர் விஷயம் என்று முடிவெடுத்தார். நடு ஊரின் சேரிகளை இடித்து கார்ப்பரேஷன் தெரு என்ற அகலமான கடைவீதியை உருவாக்கினார். நகராட்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று உலகம் முழுக்க உதாரணம் காட்டப்பட்டது அந்த மூன்று வருஷம். ஒரு குறை உண்டு. இடித்த சேரியில் இருந்தவர்களுக்குப் போதுமான மாற்று வீடு கிடைக்கவில்லை. பளபளப்பான வீதி வந்தது, ஏழைகள் வேறு நெரிசலுக்கு நகர்ந்தார்கள்.

தண்ணீர் என்றதும் உங்க வேலைக்கு ஒரு விஷயம். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம், கோமுகி அணைப் பக்கமோ, மேலே வெள்ளிமலையிலோ வீடு இருந்தால் மழைக்கால ஈரத்தை மறக்காதீர்கள். ஈரத்தில் மரம் நாருக்குக் குறுக்கே விரியும், வெயிலில் சுருங்கும். மேஜையின் மேல்பலகையை நாலு பக்கமும் இறுக்கிப் பூட்டினால் கோடையில் வெடிக்கும். கீழே சட்டத்தில் வட்டத் துளைக்குப் பதில் நீளவாக்கில் துளை போட்டு, வாஷர் வைத்துப் பூட்டுங்கள். மரம் நகர இடம் இருக்கும்.

ஸ்க்ரூவும் ஈரத்துக்கு ஏற்றதாக வேண்டும். உள்ளறைக்கு துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு போதும். பாத்ரூம், மொட்டை மாடி, தோட்டத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304 தரம். பித்தளை அழகு, ஆனால் மென்மையானது. கடின மரத்தில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒரு முறை உள்ளே விட்டு எடுத்து, மரை விழுந்த பிறகு பித்தளையைப் போடுங்கள். நுனியில் கொஞ்சம் மெழுகு தடவினால் இன்னும் நல்லது.

அப்புறம் அந்தக் கறுப்பு ஸ்க்ரூ. ஜிப்சம் போர்டுக்காக வந்தது அது. விலை குறைவு, கூர்மையும் அதிகம். ஆனால் முறுக்கம் தாங்காது, பக்கவாட்டு எடை வந்தால் வளையாமல் பட்டென்று முறியும். ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். மரத்தை வெட்டி ஒட்டும்போது தற்காலிகமாகப் பிடிக்க வெச்சுக்கலாம். உட்காருகிற ஸ்டூலுக்கு வேண்டாம்.

வீட்டுக்குள் இரண்டு மரணம்

வெளியே இவ்வளவு வெற்றி. வீட்டுக்குள்ளே வேற கதை. 1861-ல் ஹாரியட் கென்ரிக்கை மணந்தார். 1863-ல் மகன் ஆஸ்டின் பிறந்த சில நாட்களில் ஹாரியட் இறந்தார். 1868-ல் ஹாரியட்டின் உறவுப் பெண் ஃபுளோரன்ஸை மணந்தார். நெவிலும் மூன்று பெண் குழந்தைகளும் பிறந்தார்கள். 1875-ல் அடுத்த பிரசவத்தில் ஃபுளோரன்ஸும் போனார், குழந்தையும் போனது. அப்போது அவர் மேயர். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதர், அதன்பின் கடவுள் நம்பிக்கையையே இழந்தார். பிள்ளைகளிடம்கூட நெருங்க முடியாத இறுக்கம் வந்தது. ஒற்றைக்கண் கண்ணாடியும், கோட்டில் குத்திய ஆர்க்கிட் பூவும், உணர்ச்சி காட்டாத முகமுமாகக் கார்ட்டூனிஸ்ட்கள் வரைந்தது இதற்குப் பிறகான சேம்பர்லைனைத்தான். 1888-ல் மூன்றாவதாக அமெரிக்கப் பெண் மேரி எண்டிகாட்டை மணந்த பிறகுதான் வீட்டில் கொஞ்சம் சிரிப்பு திரும்பியது.

பிளந்த இரண்டு கட்சிகள்

1876-ல் நாடாளுமன்றம். 1880-ல் லிபரல் கட்சியின் கிளாட்ஸ்டன் அமைச்சரவையில் வர்த்தகத் துறை. அடுத்த தலைவர் இவர்தான் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், 1886-ல், அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் திட்டத்தை எதிர்த்துப் பதவியை உதறினார். லிபரல் கட்சி இரண்டாகப் பிளந்தது. பழைய எதிரிகளான கன்சர்வேட்டிவ் பக்கம் போய்ச் சேர்ந்தார். பிறகு 1903-ல், சாம்ராஜ்யத்துக்கு வெளியிலிருந்து வரும் சரக்குக்கு வரி போட வேண்டும் என்று கிளம்பினார். கன்சர்வேட்டிவ் பக்கமும் பிளந்தது. 1906 தேர்தலில் படுதோல்வி. ஒரே ஆள், இரண்டு பெரிய கட்சிகள்.

தச்சு வேலை தெரிந்த யாரும் இதைப் பார்த்து ஆச்சரியப்பட மாட்டார்கள். வேகமும் கூர்மையும் இருந்து, முன்துளை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

உங்க பலகை பிளக்காமல் இருக்க இரண்டு கூடுதல் விதி. பலகையின் ஓரத்துக்கு மிக அருகில் ஸ்க்ரூ போடாதீர்கள். குறைந்தது ஒரு இஞ்ச் உள்ளே தள்ளுங்கள். பலகையின் வெட்டு முனையில், நார் முடிகிற பக்கத்தில் போடுகிற ஸ்க்ரூவுக்குப் பிடிப்பு குறைவு. நாருக்கு இடையில் நுழைந்து, இழுத்தால் வந்துவிடும். அங்கே நீளமான ஸ்க்ரூ, கூடவே பசை. முடிந்தால் கழுந்து வெட்டிச் சேர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். நம்ம ஊர்ப் பழைய கதவு நிலையைக் கழற்றிப் பார்த்தால் ஸ்க்ரூவே இல்லாமல் எத்தனை காலம் நின்றிருக்கிறது என்று புரியும்.

தென்னாற்காட்டுக்காரர்களும் அவரும்

1895 முதல் 1903 வரை அவர் காலனித்துறை அமைச்சர். இந்தியா அந்தத் துறையின் கீழ் இல்லை. ஆனால் இலங்கை இருந்தது, மலாய் நாடு இருந்தது, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் இருந்தது. இங்கெல்லாம் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளில் தென்னாற்காட்டுக்காரர்கள் நிறைய. கள்ளக்குறிச்சி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. பர்மிங்ஹாம் ஸ்க்ரூ நம்ம ஊருக்குக் கப்பலில் வந்த காலத்தில்தான், நம்ம மாவட்டத்து ஆட்கள் கூலிகளாகக் கப்பலில் போனார்கள்.

1899-ல் தொடங்கிய போயர் போரை அப்போதே பலர் சேம்பர்லைனின் போர் என்று அழைத்தார்கள். பிரிட்டிஷ் முகாம்களில் அடைக்கப்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளுமாக 26,000-க்கும் மேற்பட்டோர் நோயிலும் பட்டினியிலும் செத்தார்கள். கறுப்பின மக்களுக்கான தனி முகாம்களிலும் பல ஆயிரம் பேர் மாண்டார்கள். பர்மிங்ஹாமில் சுத்தமான தண்ணீருக்காகப் போராடியவரின் ஆட்சிக்காலத்தில் நடந்தது இது.

போர் முடிந்ததும் தென்னாப்பிரிக்காவுக்கு நேரில் போனார். அவரிடம் இந்தியர்களின் குறைகளைச் சொல்ல, இந்தியாவுக்குத் திரும்பிவிட்டிருந்த ஒரு வக்கீலை நேட்டால் இந்தியர்கள் அவசரமாக வரவழைத்தார்கள். பெயர், மோகன்தாஸ் காந்தி. டர்பனில் சேம்பர்லைன் மனுவை வாங்கிக்கொண்டார். ஆனால் அவரிடமிருந்து கிடைத்தது குளிர்ந்த வரவேற்புதான். தன்னாட்சி பெற்ற காலனியில் லண்டனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, வெள்ளையரோடு அனுசரித்துப் போங்கள் என்கிற மாதிரியான பதில். டிரான்ஸ்வாலில் அவரைச் சந்திக்கவிருந்த குழுவிலிருந்து காந்தியின் பெயரையே அதிகாரிகள் நீக்கினார்கள். சில மாதங்களில் ஊர் திரும்பலாம் என்று வந்த காந்தி, அங்கேயே தங்குவது என்று முடிவெடுத்தார். தங்கினது 1914 வரைக்கும். சத்தியாகிரகம் பிறந்தது அங்கேதான். தில்லையாடி வள்ளியம்மை போன்ற தமிழர்கள் சிறை போனதும் அங்கேதான். நெருக்கி முறுக்கினால் எல்லாரும் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்த இடத்தில், மரை கழண்டது சாம்ராஜ்யத்துக்குத்தான்.

கடைசி எட்டு வருஷம்

1906 ஜூலையில் பர்மிங்ஹாம் அவருடைய 70-வது பிறந்தநாளைத் திருவிழாவாகக் கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த சில நாட்களில் பக்கவாதம் தாக்கியது. நாட்டையே பேச்சால் கட்டிப்போட்டவருக்குப் பேச்சு குழறியது, வலது பக்கம் வேலை செய்யவில்லை. எட்டு வருஷம் அப்படியே. 1914 ஜூலை 2-ம் தேதி, முதல் உலகப் போர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய வந்த அழைப்பைக் குடும்பம் மறுத்துவிட்டது. ஸ்க்ரூ விற்ற ஊரான பர்மிங்ஹாமிலேயே புதைக்கப்பட்டார். கல்லூரிக்கே போகாத அவர்தான் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர். அங்குள்ள சுமார் 100 மீட்டர் உயர மணிக்கூண்டை மாணவர்கள் இன்றும் ஓல்டு ஜோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூத்த மகன் ஆஸ்டினுக்கு அமைதிக்கான நோபல் பரிசு. இளைய மகன் நெவில் பிரதமர்.

நெட்டில்ஃபோல்ட் கம்பெனி 1902-ல் கெஸ்ட், கீன் நிறுவனத்தோடு இணைந்தது. அதன் இந்தியக் கிளைதான் ஜி.கே.டபிள்யூ. உங்க தெருவில் வயதான ஆசாரி யாராவது இருந்தால் அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்கள். ஒரு காலத்தில் நல்ல ஸ்க்ரூ என்றாலே அந்தப் பெயர்தான்.

சரி, கடையில் என்ன வாங்குறது?

வீட்டுப் பட்டறை தொடங்க ஐம்பது வகை தேவையில்லை. இவ்வளவு போதும்.

* 6-ம் நம்பர், முக்கால் இஞ்ச்: கீல், தாழ்ப்பாள், கைப்பிடித் தகடு போன்ற சின்ன வேலை. முக்கால் இஞ்ச் கதவில் போடும்போது நுனி மறுபக்கம் வராதபடி அரை இஞ்சும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.
* 8-ம் நம்பர், ஒண்ணேகால் இஞ்ச்: இரண்டு பலகையை முகத்தோடு முகம் சேர்க்க.
* 8-ம் நம்பர், 2 இஞ்ச்: அலமாரி, பெட்டி, ஷெல்ஃப். இதுதான் அதிகம் செலவாகும். முழுப் பெட்டியாக வாங்குங்கள்.
* 10-ம் நம்பர், 3 இஞ்ச்: பெஞ்ச் சட்டம், தடிமனான கட்டை.
* 8 மி.மீ. போல்ட், நட்டு, இரண்டு பக்கமும் வாஷர்: கட்டில் கால், வேலை மேஜைக் கால் போன்ற ஆடக்கூடிய, கழற்றி மாட்ட வேண்டிய இடங்கள். மர ஸ்க்ரூவைத் திரும்பத் திரும்பக் கழற்றினால் துளை தளர்ந்துவிடும். போல்ட்டுக்கு அந்தப் பிரச்னை இல்லை.
* சுவர் பிளக்: 8-ம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 6 மி.மீ., 10-ம் நம்பருக்கு 8 மி.மீ. ஷெல்ஃபைச் சுவரில் மாட்ட.
* டிரில் பிட்: 2.5, 3, 4.5 மி.மீ. மூன்றும், தலை பலகைக்குள் அமரக் குழி போடும் பிட் ஒன்றும்.

முதல் நான்கிலும் தட்டைத் தலை, ஸ்டார் வகையைக் கேளுங்கள். கால், அரை, முக்கால் என்று அளவு எழுதிய பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் பிரித்துப் போட்டு வைத்தால் தேடுகிற நேரம் மிச்சம்.

டிரில் மெஷினில் ஒரு கிளட்ச் வளையம் இருக்கும். அதைக் குறைந்த நம்பரில் வைத்துத் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஏற்றுங்கள். ஸ்க்ரூ தலை மரத்தோடு சமமாக உட்கார்ந்ததும் விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்று முறுக்கினால் உள்ளே மரை அறுந்து, வெளியே பார்க்க இறுக்கமாகவும் உள்ளே பிடிப்பில்லாமலும் நிற்கும். சேம்பர்லைனின் ஆலையில் செய்த ஸ்க்ரூவுக்கும் இதே விதிதான். அதை அவர் மரத்தில் மட்டும்தான் கடைப்பிடித்தார்.